ரௌஷான் அக்காவின் பெரிய போன்

ரயிலிலிருந்து இறங்கியபோது ரௌஷானிடம் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் அவள் கையிலிருந்த போன் மேல் போய்விட்டது.

அல்மாட்டியிலிருந்து பெரிய மருமகள் வந்து மூன்று நாளாகிறது. தராஸ் ஊர்க்கோடியில் இருக்கும் அந்த வீட்டில் மூன்று நாளாக அந்தப் போனைத் தவிர வேறு பேச்சில்லை. மாமியார் குல்யாஷ் தன் மெத்தையில் நகர்ந்து உட்கார்ந்து ரௌஷானுக்குப் பக்கத்தில் இடம் கொடுப்பாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படம் பார்ப்பார்கள். மலை, பனி, ஆப்பிள் மரம், யார் வீட்டுக் கல்யாணமோ.

"அடியே, கண்ணாடி போடாமலே தெரியுதுடி!" என்று ஒவ்வொரு படத்துக்கும் மாமியார் வாயைப் பிளப்பாள்.

வந்த அன்றைக்கே, போனைக் கையில் வாங்குவதற்கு முன்னால், தன் விரலிலிருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றி ரௌஷானுக்குக் கொடுத்தாள். புதுப் பொருளை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. அது முறை.

சின்ன மருமகள் மர்ஜான் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். அந்த மெத்தையில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. அவள் இடம் கதவோரம், சமோவார் பக்கத்தில். டீ ஊற்றுகிற இடம். கடைசி மகன் அம்மாவோடுதான் இருக்க வேண்டும். அவனைக் கட்டிக்கொண்டவள் அம்மாவின் அடுப்பங்கரையோடு இருக்க வேண்டும். பெரியவன் பெண்டாட்டி வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளியாக வந்தால் போதும்.

மர்ஜானுக்குப் பொறாமை. இதற்கு வேறு மரியாதையான வார்த்தை தேட வேண்டியதில்லை. மெர்கே என்கிற ஊர்ப் பக்கத்து டிராக்டர் டிரைவரின் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள். வேதியியல் படித்து, நகரத்துத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். படித்த பெண்ணுக்குப் பொறாமை வராது என்று எந்தக் காலேஜிலும் சொல்லித் தரவில்லை.

அதுவும் எந்த மாதிரிப் பொறாமை! ரௌஷான் அல்மாட்டியில் இருக்கும்போதும் மாமியாரோடு பேசுவது மர்ஜானின் போனில்தான். தினமும் சாயங்காலம் மர்ஜான் தன் கீறல் விழுந்த போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாமியார் அதற்குள் எட்டிப் பார்த்து, "உன் மூஞ்சி கடுகாட்டம் தெரியுது ரௌஷான். இவ போன் தீப்பெட்டி சைஸ்ல இருக்கு" என்பாள். தூக்கிப் பிடிக்கும் கை யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஞாயிறு காலை விருந்துக்குக் குதிரை விலா வாங்க மர்ஜானைத்தான் பஜாருக்கு அனுப்பினார்கள். இறைச்சியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவள் நேராகப் போன் கடைக்குள் நுழைந்தாள். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

கண்ணாடிப் பெட்டிக்குள் அது படுத்திருந்தது. வெண்கல நிறம். உள்ளங்கையை விரித்தாலும் ஓரம் வெளியே நிற்கும் அகலம்.

"இது மூணு வருஷத்துக்கு முந்தின மாடல்தானே?"

"ஆமாக்கா. ஆனா வந்த புதுசுல ராஜா இது" என்றாள் கடைப் பெண்.

"இப்ப ராஜா என்ன பண்றாரு?"

"கான்ட்ராக்ட்ல போறாரு. ரெண்டு வருஷம். பேச்சு, நெட்டு எல்லாம் சேர்த்து மாசா மாசம் கட்டினா போதும்."

"ரெண்டு வருஷம் கட்டி முடிக்கும்போது ராஜாவுக்கு அஞ்சு வயசு. நடுவுல பேட்டரி செத்தா?"

"மாத்திக்கலாம்கா."

"யார் காசுல?"

கடைப் பெண் சிரித்தாள். "அக்கா எங்க வேலை பாக்குறீங்க?"

"தண்ணியில என்ன கலந்திருக்குன்னு பாக்குற வேலை."

"அதான் இப்படிக் கேக்குறீங்க!"

"பாதுகாப்பு அப்டேட் எத்தனை நாளைக்கு வரும்?"

"இன்னும் ஒரு வருஷம் வரும்."

"அப்ப ரெண்டாவது வருஷம் சும்மா கட்டணும்."

"அப்ப சின்னது எடுத்துக்கோங்க. புது மாடல், இதே ரேட்டுதான்."

சின்னது வேண்டாம். அது மட்டும் மர்ஜானுக்கு நிச்சயம். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் அவளுக்கு மேற்படிப்பு வகுப்பு, நெட்டில். அவளுடைய தீப்பெட்டியில் வரைபடத்து எண்கள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். போன தேர்வில் ஒரு புள்ளியை வேறு கோட்டில் வைத்துவிட்டாள். முன்பு லேப்டாப் இருந்தது. அது போன கதைக்குப் பிறகு வருகிறேன்.

கடைப் பெண் போனை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் மூன்று கண், அதன் கீழே ஒரு சின்ன வெள்ளிக் கோடு. ரௌஷானின் கறுப்புப் போனிலும் இதே கோடு என்று மர்ஜானுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது.

"இதே போன் கறுப்புல உண்டா?"

"இருந்துச்சு. வசந்தத்துலயே தீந்துபோச்சு. இதே கான்ட்ராக்ட்தான்."

மர்ஜானுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ரௌஷான் அக்கா தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடும் ராஜா, மூன்று வருஷத்துப் பழைய ராஜா! அதற்குத்தான் மாமியார் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள்!

அடுத்த நிமிஷமே அந்தச் சந்தோஷம் புளித்துப்போனது. அப்படியானால் தானும் அதே போனைத்தானே மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறாள்? வாங்கினால், ஓரகத்தியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டாள் என்பார்கள். வாங்காவிட்டால் தீப்பெட்டியோடு கிடக்க வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்குக்கா. ஆறு மணிக்குக் கடையை மூடுவோம்."

எல்லாக் கடையிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பது மர்ஜானுக்குத் தெரியும். இருந்தாலும் கை பைக்குள் போனது. அடையாள அட்டையை வெளியே எடுத்தவள், மறுபடி உள்ளே வைத்தாள்.

பணமோ பேட்டரியோ அவளைத் தடுக்கவில்லை. தடுத்தது தொல்கின்.

தொல்கின் அவள் நாத்தனார் மகள். ஊரில் நர்சிங் படிக்கிறாள், ஞாயிறுதோறும் மாமன் வீட்டில் சாப்பாடு. பெண் வயிற்றுப் பிள்ளைக்குத் தாய்மாமன் வீட்டில் ஒரு உரிமை உண்டு. மூன்று முறை கேட்கலாம். எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. மாமன்மார் எத்தனை பேர் இருந்தாலும் மொத்தமாக மூன்று. முதல் தடவை தொல்கின் மாமியாரின் வெள்ளிக் காப்பைக் கேட்டாள். இரண்டாவது தடவை, போன வருஷம், மர்ஜானின் லேப்டாப்பைக் கேட்டாள். மர்ஜான் தன் முதல் சம்பளத்தில் வாங்கியது. மாமியார் உறையோடு எடுத்துக் கொடுத்தாள்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்த மூன்றாவது தீரும்வரை இந்த வீட்டுக்குள் எந்தப் புதுப் பொருளைக் கொண்டுவந்தாலும் அது மர்ஜானுக்குச் சொந்தமில்லை. கான்ட்ராக்ட் மட்டும் சொந்தம். இரண்டு வருஷத்துக்கு.

பஸ்ஸில் இறைச்சிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பாலத்தைத் தாண்டும்போது யோசனை வந்தது. வந்ததும் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் கொஞ்சம்தான்.

அடுப்பங்கரையில் தொல்கின் மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். உருட்டியதைவிடத் தின்ற வெங்காயம் அதிகம்.

"சின்ன மாமி, பெரிய மாமி போன்ல என் போட்டோ எடுத்தாங்க. என் மூக்குல இருக்கிற மச்சம்கூடத் தெரியுது!"

"பிடிச்சிருக்கா?"

"மச்சமா?"

"போனுடி."

"பிடிக்காம? எங்க ஹாஸ்டல்ல அவ்வளவு பெரிசு யார்கிட்டயும் இல்லை."

மர்ஜான் மாவுத் தகட்டை விரித்துப் போட்டாள். தொல்கினைப் பார்க்கவில்லை. "உனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கில்ல?"

தொல்கின் உருட்டுவதை நிறுத்தினாள். "நான் அதைக் கல்யாணத்துக்கு வெச்சிருக்கேன் மாமி. கம்பளம் கேக்கலாம்னு."

"கம்பளமா? பாட்டி கொடுக்கிற கம்பளத்துல பூச்சிதான் இருக்கும். உன் இஷ்டம். எனக்கென்ன!"

"பெரிய மாமிகிட்டக் கேக்கலாமா? அவங்க விருந்தாளி ஆச்சே?"

"விருந்தாளியா? மாமன் பெண்டாட்டி. நான் லேப்டாப் கொடுக்கலை? எனக்கொரு சட்டம், அவங்களுக்கொரு சட்டமா?"

"நீங்க கொடுத்தப்போ மூஞ்சியை உம்முனு வெச்சிருந்தீங்க மாமி."

"அவங்க வெச்சுக்க மாட்டாங்க. அவங்க பெரிய மருமகள்" என்றாள் மர்ஜான். அந்தக் கடைசி வார்த்தையில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

இறைச்சியும் மாவுத் தகடும் தட்டோடு காலியானதும் டீ. மாமியார் மெத்தையில், பக்கத்தில் ரௌஷான். எதிரே மர்ஜானின் புருஷன் தல்காத். தொல்கின் நடுவில். மூத்த மகன் சபீத் வரவில்லை. "ஆபீஸ்ல லீவு கொடுக்கலை அத்தே" என்று வந்த அன்றே ரௌஷான் சொல்லியிருந்தாள். அவன் அல்மாட்டியில் பெரிய ஆபீஸ் வைத்திருக்கிறான். வைத்திருப்பவனுக்கு யார் லீவு கொடுக்க வேண்டும் என்று மர்ஜானுக்கு அப்போது தோன்றவில்லை. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, எனக்கு ஒண்ணு பாக்கி. ஞாபகம் இருக்கா?" என்றாள் தொல்கின்.

"மறப்பேனா? என்ன வேணும்? மாடா, மாப்பிள்ளையா?"

"மாப்பிள்ளையை நானே பாத்துக்கிறேன். போன் வேணும். பெரிய மாமியோட போன்."

ரௌஷானின் கை டீக் கிண்ணத்தின் மேல் அப்படியே நின்றது. தல்காத் நிமிர்ந்து பார்த்தான். மர்ஜான் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சொல்லு. முடியாதுன்னு சொல்லு. ஒரு தடவை உன் மூஞ்சியும் கோணட்டும்.

ரௌஷான் சிரித்தாள். காதுத் தோட்டைக் கழற்றி, அதன் முனையால் குத்திச் சிம்மை வெளியே எடுத்தாள். திரையைப் பாவாடையில் துடைத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நல்லா வெச்சுக்கோ கண்ணு. கீழ போட்டுடாதே."

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா? ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னாளா? போன வருஷம் லேப்டாப் கேட்டப்போ இந்த வீட்டுல ஒரு மூஞ்சி கோணுச்சு பாரு, அது இன்னும் நிமிரலை!"

எல்லாரும் சிரித்தார்கள். தொல்கின்தான் அதிகமாகச் சிரித்தாள்.

போனும் போய், பேரும் ரௌஷானுக்கே. மர்ஜான் ரௌஷானின் கிண்ணத்தை வாங்கி, விளிம்பு தொட டீயை ஊற்றி நீட்டினாள்.

மாமியாரின் சிரிப்பு நின்றது. இந்தப் பக்கத்து வீடுகளில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், மறுபடி மறுபடி. நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"என்னடி இது?"

"கை தவறிடுச்சு அத்தே."

"எனக்குத் தாகமாத்தான் இருக்கு" என்றாள் ரௌஷான். ஒரு சொட்டுச் சிந்தாமல் முழுக் கிண்ணத்தையும் குடித்து வைத்தாள்.

தல்காத் தன் டீயைத் தொடவில்லை. எழுந்து வெளியே போனான்.

முற்றத்தில் காரின் மேல் சாய்ந்துகொண்டு பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லப் போகும்போதும் உண்மையைச் சொல்லப் போகும்போதும் அவன் அதைத்தான் செய்வான்.

"டீ ஆறுது" என்றாள் மர்ஜான்.

"வேண்டாம்."

"என்னாச்சு உங்களுக்கு? போனது உங்க போனா?"

"ஆமா."

"என்ன ஆமா?"

"அந்தக் கான்ட்ராக்ட் என் பேருல இருக்கு."

மர்ஜானுக்குக் காதுக்குள் கொதிக்கிற சத்தம் கேட்டது. "எப்ப?"

"வசந்தத்துல. அண்ணி கேட்டாங்க. அவங்க பேருல யாரும் தர மாட்டேங்கிறாங்கன்னாங்க. வாங்கி, ரயில்ல அட்டெண்டர் கையில கொடுத்து அனுப்பினேன். மாசா மாசம் அவங்கதான் அனுப்புறாங்க. ஆனா இனிமே இல்லாத போனுக்கு எப்படி அனுப்பச் சொல்றது?"

"ஏன் அவங்க பேருல தர மாட்டேங்கிறாங்க?"

"அதைக் கேக்காதே. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"வசந்தத்துல நான் உங்ககிட்ட ஒரு போன் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

தல்காத் கூரையை நிமிர்ந்து பார்த்தான்.

"கூரை மாத்தணும்னீங்க. சரின்னு வாயை மூடிக்கிட்டேன். கூரை இன்னும் ஒழுகுது." கோபம் வந்தால் மர்ஜானுக்கு 'நீங்க' போய்விடும். "உன் அண்ணிக்குன்னா உன் கையெழுத்து ரெடியா இருக்கு. நான் இந்த வீட்டுல யாரு? போனைத் தூக்கிப் பிடிக்கிற கம்பா?"

"மர்ஜான், அவங்களுக்கு ஒரு கஷ்டம்..."

"எனக்கும் ஒரு கஷ்டம் இருக்கு. அது உன் கண்ணுக்கே தெரியலை."

தன் வாயாலேயே தொல்கினைத் தூண்டிவிட்டு, தன் வீட்டு வாசலுக்கே அந்தக் கான்ட்ராக்டைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். அது புரிந்ததும் கோபம் இரண்டு மடங்காகியது. தல்காத் மேல் பாதி, தன் மேல் பாதி. ரௌஷான் மேல் இருந்தது குறையவில்லை.

தொல்கினை ஹாஸ்டலில் விட அவன் காரை எடுத்தான். இவள் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கடைப் பெண் பாதிக் கதவை இறக்கியிருந்தாள்.

"பேட்டரி, அப்டேட்டு, அஞ்சு வயசு... எல்லாம் யோசிச்சாச்சாக்கா?"

"யோசிச்சாச்சு. எல்லாம் அப்படியேதான் இருக்கு. எடு."

"யார் பேருல போடட்டும்? வீட்டுக்காரர் பேருலயா?"

"என் பேருல."

பழைய போனைக் கொடுத்தால் முதல் மாசத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்களாம். தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று பெட்டியைத் திறந்தாள். திரையில் ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரிக்கவில்லை. அதன் மேலேயே விரலை வைத்துப் பார்த்தாள். பழைய மாடல்தான். அவளுக்கு முன்னால் யாரும் தொடாதது. இனிமேல் கேட்கவும் ஒருவருக்கும் உரிமை கிடையாது. மூன்றும் தீர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது ரௌஷான் அடுப்பங்கரையில் நின்றிருந்தாள். பாத்திரம் எல்லாம் கழுவி அடுக்கியிருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக.

"வாங்கிட்டியா?"

மர்ஜான் பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"நீதான் தொல்கினைக் கேக்கச் சொன்னேன்னு தெரியும்" என்றாள் ரௌஷான். "அவளுக்குப் பொய் வராது. கேக்கும்போது என்னைப் பாக்கலை, உன்னைப் பாத்தா."

"தெரிஞ்சு ஏன் கொடுத்தீங்க? நல்ல பேருக்கா?"

"மறுத்தா அத்தை ஏன்னு கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை." உள்ளங்கையை விரித்தாள். நடுவில் சிம் இருந்தது, நகம் சைஸில். "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு அவர் கூப்பிடுவார். எடுக்கலேன்னா அடுத்த ஞாயிறுவரைக்கும் கிடையாது. அரை மணி நேரம் உன் பழைய போனைக் கொடு."

"கடையில கொடுத்துட்டேன்."

"அப்ப..." ரௌஷான் பெட்டியைப் பார்த்தாள்.

மர்ஜான் ஒரு அடி பின்னால் போனாள். வாங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை!

"அல்மாட்டியில இருக்கிறவர் உங்களைக் கூப்பிட ஞாயித்துக்கிழமை எதுக்கு வரணும்?"

"அவர் அல்மாட்டியில இல்லை" என்றாள் ரௌஷான். "ஆபீசும் இல்லை. ரெண்டு பேர் பேருலயும் வாங்கின கடன் மட்டும் இருக்கு. போன குளிர்காலத்துல கொரியா போனார். பெயின்ட் அடிக்கிற பட்டறை. பேப்பர் எதுவும் கிடையாது. பிடிச்சா அனுப்பிடுவாங்க. நான் ஒரு அம்மா வீட்டுல பிள்ளை பாத்துக்கிட்டு அவங்க ரூம்லயே படுத்துக்கிறேன். நீ பாத்த ஆப்பிள் மரம், கல்யாணம் எல்லாம் அவங்களோடது. உன் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும்."

மர்ஜான் அவளையே பார்த்தாள். இரண்டு வருஷமாகப் பொறாமைப்பட்ட வாழ்க்கை கண்ணெதிரே காலியாகிக்கொண்டிருந்தது. பாவமாக இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதற்கும் மேலே அந்தப் பழைய எரிச்சல் தலையை நீட்டியது. இதைக்கூடத் தல்காத்திடம் சொல்லியிருக்கிறாள். தன்னிடம் யாரும் சொல்லவில்லை.

திரைத் தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். ஒரே இழுப்பில் உரித்தாள்.

"சிம்மைக் கொடுங்க. அரை மணி நேரம். நான் இங்கேயே நிப்பேன்."

சிம்மைச் செருகி, ரௌஷானின் நம்பரைப் போட்டு, சரிபார்க்க வந்த எண்ணைத் தட்டி முடிக்கவும் போன் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. திரை முழுக்க ஒரு முகம் வந்தது. மொட்டைத் தலை. கழுத்தில் காய்ந்த மஞ்சள் பெயின்ட். பின்னால் தகரச் சுவர், வரிசையாகத் துண்டுகள்.

"ரௌஷான், அம்மா நம்பிட்டாங்களா?"

"எதை நம்பணும்?"

குரல் வாசலிலிருந்து வந்தது. மாமியார் நின்றிருந்தாள். சின்ன மருமகள் போன் வாங்கி வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு கையில் மிட்டாய், அதோடு மடித்த ஒரு நோட்டு. புதுப் பொருளை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது.

ரௌஷான் போனைக் கவிழ்க்கப் போனாள். திரை பெரிசு. கை மறைக்கவில்லை.

மாமியார் உள்ளே வந்தாள். கையிலிருந்ததை முதலில் மர்ஜானின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். "நல்லா இருக்கட்டும்" என்றாள். அப்புறம்தான் போனை வாங்கினாள்.

"தலையை யாருடா மொட்டை அடிச்சா?"

"அம்மா..."

"கண்ணாடி இல்லாமலே தெரியுது. பேசாதே. இரு."

போனை ஏந்திக்கொண்டு பெரிய அறைக்குப் போனாள். தன் மெத்தையில் உட்கார்ந்து, சர்க்கரைக் கிண்ணத்தில் அதைச் சாய்த்து வைத்தாள். கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தல்காத் உள்ளே வந்து, திரையைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். கை பிடரிக்குப் போனது.

"உனக்குத் தெரியும்" என்றாள் மாமியார் அவனிடம்.

"அம்மா, நான்..."

"உனக்கும் தெரியும்." ரௌஷான் தரையைப் பார்த்தாள். மாமியார் திரும்பினாள். "உனக்கு?"

"இப்பத்தான் தெரியும் அத்தே" என்றாள் மர்ஜான். "கால் மணி நேரம்கூட ஆகலை. என்கிட்டயும் யாரும் சொல்லலை."

மாமியார் மெத்தையில் நகர்ந்தாள்.

"இப்படி வந்து உக்காரு."

மர்ஜான் போய் உட்கார்ந்தாள். இதற்காகத்தான் இரண்டு வருஷமாக வயிறு எரிந்தது. மெத்தை கல்லு மாதிரி இருந்தது. எதிரே கதவோரத்தில், சமோவார் பக்கத்தில், ரௌஷான் நின்றிருந்தாள். பழக்கதோஷத்தில் மர்ஜான் கெட்டிலை எடுக்க எழுந்தாள்.

மாமியார் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "விடு. இன்னைக்கு அவன் ஊத்தட்டும்."

தல்காத் வாழ்நாளில் டீ ஊற்றியதில்லை. அம்மாவுக்கும் மர்ஜானுக்கும் ரௌஷானுக்கும் விளிம்பு வழிய நிறைத்து நீட்டினான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அம்மா, போனை வெச்சுடாதே" என்றான் திரையிலிருந்த சபீத். அவன் கண் பக்கவாட்டில் யாரையோ பார்த்துவிட்டுத் திரும்பியது. "இன்னொண்ணு இருக்கு. அது ரௌஷானுக்கும் தெரியாது."